அடைப்புக்குறி போடாம அனுப்புங்க!

திருவொற்றியூரிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி இன்பாக்ஸுக்கு அனுப்பிய கேள்வி இது. கணினி அறிவியல் புத்தகத்தில் லிஸ்ட் பற்றிய பாடம். அதில் ‘சார்ட்’ என்கிற செயற்கூறுக்குள் ‘கீ=மைஃபங்க்’ என்று ஒன்று வருகிறது. “ஃபங்ஷன்னா பின்னாடி அடைப்புக்குறி போடணும்னு சொல்லிக்கொடுத்தாங்க. இதுக்கு மட்டும் ஏன் போடலை? அச்சுப்பிழையா அண்ணா?”

அச்சுப்பிழை இல்லை தங்கச்சி. அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டால்தான் பிழை. ஆனால், கேள்வி சாதாரணமானது இல்லை. காலேஜ் முடித்து ஐ.டி நேர்காணலில் போய் உட்காரும் பலரும் தடுமாறும் இடம் இது. ‘ஒரு மெத்தட்டை இன்னொரு மெத்தட்டுக்குப் பாராமீட்டராக அனுப்ப முடியுமா?’ என்று கேட்டால், ‘முடியும் சார்’ என்பார்கள். ‘எதுக்கு?’ என்று கேட்டால் அமைதி. ஆகவே, இந்த வாரம் முழுக்க இந்த ஒரே கேள்விதான். கோடிங் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், மீன் வாங்கத் தெரிந்தால் போதும்.

காசிமேட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஏலம் முடிந்து கூறு போட்டிருக்கிறார்கள். ஒரு வஞ்சிரமும் கொஞ்சம் சங்கராவும் வாங்கிக்கொண்டு, மீன் வெட்டித் தருகிறவரிடம் போகிறீர்கள். “அண்ணே, இதை வறுவலுக்கு, அதைக் குழம்புக்குப் போடுங்க.” அவர் தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார். செதில் எடுக்கிறார், வயிற்றைச் சுத்தம் செய்கிறார், வெட்டுகிறார், அலசுகிறார், பையில் போட்டுத் தருகிறார். செதில் எடுப்பதும் அலசுவதும் எல்லா மீனுக்கும் ஒன்றுதான். நடுவில் வரும் வெட்டு மட்டும் ஆளுக்கு ஆள், மீனுக்கு மீன் மாறுகிறது.

இப்போது கவனியுங்கள். ‘வறுவல்’ என்று நீங்கள் சொன்னது வெறும் ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு எப்படி வெட்ட வேண்டும் என்பது அவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வறுவல் என்றால் வட்டத் துண்டு, குழம்பு என்றால் இப்படி, புட்டு என்றால் அப்படி. நிரலில் இதைத்தான் ‘இஃப்... எல்ஸ்’ என்று நீட்டி நீட்டி எழுதுகிறோம். இதுவரை நடந்தது சாதாரணப் பாராமீட்டர். புத்தகத் தமிழில் அளபுரு.

அடுத்து ஒருவர் வருகிறார். அவர் ஊர் வழக்கமே வேறு. “அண்ணே, தலையை முழுசா விட்டுடுங்க, முதுகுப் பக்கமா கீறி, நடு முள்ளை மட்டும் எடுத்துட்டு, விரிச்சுக் கொடுங்க” என்று வரிசையாகச் சொல்கிறார். வெட்டுகிறவருக்கு இது புது முறை. அதற்குப் பெயரும் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. தன் வேலையை வழக்கம்போலச் செய்துகொண்டே வருகிறார், வெட்டும் இடம் வந்ததும் வாடிக்கையாளர் கொடுத்த முறையை எடுத்துச் செய்கிறார். இங்கே அவர் கைக்குப் போனது சொல் இல்லை, ஒரு செய்முறை. மெத்தட்டைப் பாராமீட்டராக அனுப்புவது என்றால் இவ்வளவுதான். இதனால் ஒரு லாபம் உண்டு: நாளைக்கு நூறாவது முறையைக் கேட்டு ஒருவர் வந்தாலும், வெட்டுகிறவர் தன் பழைய வேலைமுறையில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

சரி, அடைப்புக்குறி? நிரலாக்கத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால், ‘இப்போதே செய்’ என்று அர்த்தம். போடாமல் விட்டால், ‘இதோ செய்முறை, கையில் வைத்துக்கொள், வேண்டும்போது செய்’ என்று அர்த்தம். ‘வெட்டு(மீன், என்முறை)’ என்றால் செய்முறையைக் கொடுக்கிறீர்கள். ‘வெட்டு(மீன், என்முறை())’ என்றால், மீன் அவர் கைக்குப் போகும் முன்பே நீங்கள் வெறும் பலகையில் கத்தியைப் போட்டுவிட்டு, அதில் என்ன வந்ததோ அதைக் கொடுக்கிறீர்கள்.

அந்த மாணவியின் சார்ட்டுக்கு வருவோம். ஒரு லிஸ்ட்டில் ஐந்து மீன்கள் இருக்கின்றன. வரிசைப்படுத்தச் சொல்கிறோம். எதை வைத்து? எடையா, விலையா, பெயரா? வரிசைப்படுத்துவது எப்படி என்று சார்ட்டுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதை எழுதியவர்கள் காசிமேட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால், அந்த ஒரு துண்டு அறிவை மட்டும் நம்மிடம் கேட்கிறது: ‘ஒரு மீனைக் கொடுத்தால் எந்த எண்ணைப் பார்க்கணும்னு ஒரு செயற்கூறு கொடு.’ நாம் ‘கீ=விலை’ என்று கொடுக்கிறோம். ஐந்து மீனுக்கும் ஒவ்வொரு முறை ‘விலை’யைக் கூப்பிட்டு, கிடைத்த எண்களை வைத்து வரிசைப்படுத்திவிடுகிறது. ‘கீ=விலை()’ என்று எழுதிப் பாருங்கள். எந்த மீனின் விலை என்று தெரியாமல், சார்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே பைத்தான் கோபித்துக்கொள்ளும்.

சி மொழியில் பல பத்தாண்டுகளாக இருக்கும் ‘கியூசார்ட்’டும் இதையேதான் கேட்கிறது: ‘இரண்டில் எது பெரியது என்று சொல்லும் செயற்கூறு ஒன்று கொடு.’ அதற்கும் முன்னால், 1950-களின் கடைசியில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழியில் செயற்கூறை எண் மாதிரி, எழுத்து மாதிரி சகஜமாகக் கையில் எடுத்துக் கொடுக்கலாம். பைத்தான் பாடத்தில் ‘லாம்ப்டா’ என்று ஒரு பெயரில்லாச் செயற்கூறு வருகிறதே, அந்தப் பெயரே 1930-களில் அலோன்சோ சர்ச் என்கிற கணித அறிஞர் எழுதிய லாம்ப்டா கால்குலஸிலிருந்து வந்தது. ஆக, விஷயம் புதிது இல்லை. சிக்கல் ஆரம்பித்தது, ‘ஆப்ஜெக்ட்’ உள்ளே வந்த பிறகுதான்.

ஏன் சிக்கல்? செயற்கூறு தனியாள். மெத்தட் குடும்பஸ்தன். அது ஒரு ஆப்ஜெக்ட்டுக்குச் சொந்தம். அந்த ஆப்ஜெக்ட்டின் உள்ளே இருக்கும் பொருட்களை நம்பித்தான் வேலை செய்யும்.

உங்கள் அம்மா வைக்கும் மீன் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அம்மா.குழம்புவை’ என்பது மெத்தட். அதற்குள் ‘என் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன்’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘என்’ என்றால் அம்மாவின். இந்தச் செய்முறையை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் அடுப்பை மூட்டி, சரியாக அந்த வரிக்கு வந்து நிற்பார். ‘என் அஞ்சறைப் பெட்டின்னா... யாரோடது?’

ஒவ்வொரு மொழியும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாளுகிறது. பைத்தான் சமர்த்து. ‘அம்மா.குழம்புவை’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எடுத்தாலே, சீட்டோடு அம்மாவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடும். யார் எங்கே கூப்பிட்டாலும் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிதான் திறக்கும். சி ஷார்ப்பின் ‘டெலிகேட்’டும் அப்படியே. சி பிளஸ் பிளஸ்ஸில் மெத்தட்டின் முகவரியை எடுத்தால் அது தனியாகத்தான் வரும், கூப்பிடும்போது எந்த ஆப்ஜெக்ட் என்று நாம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறதே, அது சீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெட்டி காணாமல் போனது, கூப்பிடும்போதுதான் தெரியும். ‘திஸ்’ தொலைந்துபோகும் அந்தப் பிழையில் ராத்திரி தூக்கத்தை இழந்த வெப் டெவலப்பர்கள் ஏராளம். ‘பைண்ட்’ என்று ஒன்று இருப்பதும், ‘ஆரோ ஃபங்ஷன்’ பிரபலமானதும் இந்தத் தலைவலியால்தான்.

ஜாவா? அதில்தான் பெரிய கதை இருக்கிறது. நம்மூர் காலேஜ்களில் இன்றைக்கும் ஜாவாதான் படிக்கிறார்கள் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது, மெத்தட்டைத் தனியாக அனுப்பும் வசதியே அதில் கிடையாது. ‘எல்லாம் ஆப்ஜெக்ட்தான். மெத்தட் வேண்டுமா, அதைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு ஆப்ஜெக்ட்டை அனுப்பு’ என்றது. சுத்தியலை இரவல் கேட்டால், ‘தனியாகத் தர மாட்டேன், ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போ’ என்பதுபோல. ஒரு பட்டனைத் தொட்டால் ஒரே ஒரு வரி வேலை நடக்க வேண்டும். அதற்கு ஒரு இன்டர்ஃபேஸ், அதைச் செயல்படுத்தும் ஒரு கிளாஸ், அதிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட் என்று ஒரு கல்யாணக் கூட்டத்தையே அழைத்துவர வேண்டும். 1997-ல் வந்த ஜாவா 1.1, பெயர் வைக்காமலே அந்த இடத்திலேயே கிளாஸ் எழுதிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. கூட்டம் கொஞ்சம் குறைந்தது, ஆசாரி மட்டும் போகவில்லை.

அந்த நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் ‘விஷுவல் ஜே பிளஸ் பிளஸ்’ஸில் டெலிகேட் என்று ஒன்றைச் சேர்த்தது. மெத்தட்டையும் அதன் ஆப்ஜெக்ட்டையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொட்டலம். அதை நேராக அனுப்பலாம். சன் நிறுவனம் கொதித்தது. ‘ஜாவாவுக்கு இது தேவையே இல்லை, இன்னர் கிளாஸே போதும்’ என்று ஒரு விளக்க அறிக்கையே வெளியிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே ஜாவா உரிமம் பற்றிய வழக்கு 1997-லேயே ஆரம்பித்திருந்தது. 2001-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட், ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தலைமையில் சி ஷார்ப் என்று தனி மொழியையே உருவாக்கி, டெலிகேட்டுக்கு அதில் நிரந்தர வீடு கொடுத்துவிட்டது.

ஜாவா இறங்கி வந்தது 2014 மார்ச் 18-ம் தேதி. ஜாவா 8. லாம்ப்டாவும் வந்தது, இரட்டை முக்காற்புள்ளி போட்டு மெத்தட்டை அப்படியே எடுத்துக் கொடுக்கும் வசதியும் வந்தது. உள்ளுக்குள் பார்த்தால், இன்றும் ஒரு இன்டர்ஃபேஸ் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், எழுதுகிறவர் கண்ணுக்கு ஆசாரி தெரிவதில்லை, சுத்தியல் மட்டும் கைக்கு வருகிறது. என்னைக் கேட்டால், சன் சொன்னது தொழில்நுட்பரீதியாகத் தப்பில்லை, எல்லாவற்றையும் இன்னர் கிளாஸில் செய்ய முடியும்தான். ‘முடியும்’ என்பதற்கும் ‘படிக்கிறவனுக்குப் புரியும்’ என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

2014-க்கு முந்தைய பாணியில் எழுதிய ஜாவா நிரல்கள் பல நிறுவனங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேலைக்குச் சேரும் வடசென்னைத் தம்பி தங்கச்சிகள் முதலில் தொடப்போவது அந்தப் பழைய நிரலாகவும் இருக்கலாம். பெயரில்லா கிளாஸ் ஒன்றுக்குள் ஒரே ஒரு மெத்தட் இருப்பதைப் பார்த்தால் மிரள வேண்டாம். யாரோ ஒருவர் ஒரு மெத்தட்டை மட்டும் அனுப்ப ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம், புத்தகத்தில் வரும் செயற்கூறு, அளபுரு, செயலுருபு, இனக்குழு எல்லாம் நல்ல சொற்கள், விட்டுவிடாதீர்கள். கூடவே ஃபங்ஷன், பாராமீட்டர், ஆர்குமென்ட், கிளாஸ் என்ற பெயர்களையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நேர்காணல் எடுப்பவருக்கு இனக்குழு என்றால் தெரியாது. அது அவர் குறை, ஆனால் வேலை போவது நமக்கு.

இதுவரை சொன்னதில், கொடுத்த செய்முறை உடனே பயன்பட்டது. பின்னால் எப்போதோ நடக்கப்போவதற்காக மெத்தட்டை இப்போதே கொடுத்துவைப்பது அடுத்த கட்டம். ‘கால்பேக்’ என்பார்கள்.

துறைமுகத்து டிரெய்லர் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். தன் பாக்ஸ் தயாரா என்று அரை மணிக்கு ஒரு தடவை இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வருவது ஒரு வழி. நம்பரைக் கொடுத்து, ‘தயாரானதும் கூப்பிடுங்க, வந்து ஏத்திக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வண்டியில் படுப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் கால்பேக். நீங்கள் இந்தக் கட்டுரையைத் திறக்கத் திரையைத் தொட்டீர்களே, அப்போதும் இதுதான் நடந்தது. ‘தொட்டால் இந்த மெத்தட்டைக் கூப்பிடு’ என்று ஆப் எழுதியவர் முன்பே கொடுத்துவைத்திருந்தார். போன் கூப்பிட்டது. ஆண்ட்ராய்டில் இப்படி வேலை கொடுத்துவைப்பவருக்கு ‘லிசனர்’ என்று பெயர். காது கொடுத்துக் காத்திருப்பவர்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சம்பவம் நடக்கும்போது, பட்டியலில் யார் யார் மெத்தட் இருக்கிறதோ அவர்களை மட்டும்தான் நிரல் கூப்பிடும். உங்கள் மெத்தட்டைச் சேர்க்க மறந்திருந்தால், பிழைச்செய்தி வராது. சிவப்பு எழுத்து வராது. எல்லாம் ஒழுங்காக ஓடியதுபோலவே இருக்கும். உங்களுக்கு மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. நிரலில் கண்டுபிடிக்கக் கஷ்டமான பிழைகளில் இதுவும் ஒன்று.

நிரலுக்கு வெளியே இது எப்படி இருக்கும் என்பதை எண்ணூர்க்காரர்களிடம் கேட்கலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதன் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு, பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் நெடி தாங்காமல் எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வீடுகளில் பலருக்கு முதல் எச்சரிக்கை, அவரவர் மூக்குதான்.

குழாயில் அழுத்தம் மாறினால் கருவி அறியும். அறிந்ததும் எதை எதைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். வால்வை மூடுவது, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வது என்று. பக்கத்துக் குப்பங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. போபாலுக்குப் பிறகு வந்த, அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989-ம் வருட விதிகளில், தொழிற்சாலைக்குள் ஒரு அவசரத் திட்டம், வெளியே இருக்கும் ஊருக்கு ஒரு அவசரத் திட்டம் என இரண்டுமே கட்டாயம். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, ஆபத்து என்ன, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நிரல் மொழியில் சொன்னால், பட்டியலில் பெயர் மட்டும் போதாது. கூப்பிட்டதும் ஓட வேண்டிய மெத்தட்டும் மக்கள் கையில் இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம், ஈரத்துணியை எப்படிப் பிடிப்பது, எந்த வழியில் போவது. இவையெல்லாம் சங்கு ஊதிய பிறகு கற்றுக்கொள்கிற விஷயங்கள் இல்லை.

2023-ல் ஒருநாள் நம் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கிறதா? ‘செல் பிராட்காஸ்ட்’ சோதனை. அதில் பட்டியலே கிடையாது. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் செய்தி போகும். யாரும் பெயர் கொடுத்துவைக்கத் தேவையில்லை. லிசனரைச் சேர்க்க மறக்கும் பிழைக்கே அங்கே இடமில்லை. ஆனாலும், செய்தி வந்ததும் என்ன செய்வது என்ற மெத்தட் நம்முடையதுதான்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இதே வகைதான். கூண்டு ஒரு எண்ணைத்தான் சொல்லும். எண் கூடக் கூட, கப்பல்கள் பாதுகாப்புக்காக ஆழ்கடலுக்குக் கிளம்பும். காசிமேட்டில் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டுவார்கள். ஃபைபர் படகுக்காரர்கள் மேட்டுக்கு இழுப்பார்கள். ஒரே எண், ஆளுக்கு ஒரு மெத்தட்.

கூண்டு எண்களில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்தாம் எண்தான் உச்சகட்ட ஆபத்து என்று நினைப்போம். அதற்கு மேல் பதினொன்று இருக்கிறது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். ‘கூப்பிடுவார்கள்’ என்று காத்திருக்கிறோம், கூப்பிட வேண்டியவரோடு தொடர்பே இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் முன்பே ஒரு எண் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘தென்’ என்று ஒன்று உண்டு. அது இரண்டு மெத்தட் வாங்கிக்கொள்ளும். வேலை நல்லபடியாக முடிந்தால் கூப்பிட ஒன்று, முடியாவிட்டால் கூப்பிட இன்னொன்று. புதிதாக எழுதுகிறவர்கள் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திருவொற்றியூர்த் தங்கச்சி, நீங்கள் காலேஜ் போய் அதை எழுதும்போது இரண்டையும் கொடுங்கள். இரண்டுக்கும் அடைப்புக்குறி வேண்டாம்.